உப்பில்லாப் பத்தியம்

மழைக்கு நசநசத்துப் போன கல்லுப்பை முறத்தில் கொட்டி அழுக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உப்பை அள்ளும்போதெல்லாம் இந்தக் கதை வந்து முன்னால் நிற்கும். எங்கள் பக்கத்தில் சொல்லக் கேட்டதுதான். கையைத் துடைத்துவிட்டு எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு ஆசான் இருந்தார். வைத்தியமும் தெரியும், மற்றதும் தெரியும். நாற்பது வயசு இருக்கும். அவரிடம் வந்து சேர்ந்த சீடருக்கு அவரைவிட வயசு கூடுதல், தலை முழுக்க நரை. பெயர் தாணுமாலயன். கீழே ஊரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். ஆசான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

வந்த அன்றைக்கே தாணு ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அறை அறையாக மாத்திரை.

"இதெல்லாம் என்ன அண்ணாச்சி?"

"இது மீனெண்ணெய் மாத்திரை ஆசானே. இது எலும்புக்கு. இது ரத்தத்துக்கு. இது கண்ணுக்கோ ஈரலுக்கோ, மறந்துட்டு."

"ஞாபகத்துக்கு ஒண்ணும் வாங்கலியா?"

தாணு சிரிக்கவில்லை.

"எங்க அப்பா சாப்பிட்டு எந்திரிக்கும்போது விழுந்தாரு. எங்க அண்ணன் சோத்துல கைய வச்சபடியே போனான். அவன் போன வயசு எனக்கு வந்துட்டு."

"பயமா இருக்கா?"

"படுத்தா நெஞ்சு அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். எங்க நின்னு போயிருமோன்னு."

ஆசான் டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நானும் சும்மா இல்ல ஆசானே. விடியமுன்ன நடக்கேன். குனிஞ்சு நிமிந்து வேர்க்க வேர்க்க எல்லாம் செய்யேன். எண்ணெய் இல்ல, புளி இல்ல, உப்பு தொட்டு வருசக் கணக்காச்சு. கல்யாணமே பண்ணல, ஆயுசு குறையும்னு ஒருத்தன் சொன்னான்."

"சமையல் யாரு?"

"தங்கச்சி. செண்பகவடிவு. தாலி அறுத்துட்டு வந்து என் கூடத்தான் இருக்கா. ஒரு வீட்டுல ரெண்டு சமையல் எதுக்குன்னு அவளும் உப்பில்லாமத்தான் திம்பா."

"அவளுக்கு என்ன நோய்?"

"அவளுக்கு ஒண்ணும் கிடையாது."

ஆசான் டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

தாணு அங்கேயே தங்கிவிட்டார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஆசான் முன்னால் போய்க் கையை நீட்டுவார். ஆசான் நாடி பிடித்துப் பார்ப்பார்.

"எனக்கு இன்னும் எவ்வளவு காலம் ஆசானே?"

"இன்னைக்கு இருக்கு அண்ணாச்சி."

தினமும் இதே கேள்வி, இதே பதில்.

ஆசானுடைய சாப்பாடு கஞ்சிதான். அதையும் சூடாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை. சட்டியை முன்னால் வைத்து, ஒரு கல் உப்பைப் போட்டு, கையை வைக்கப் போவார். வேலிக்கு வெளியே யாராவது கூப்பிடுவார்கள். பாம்பு கடித்திருக்கும். பிரசவத்தில் பிள்ளை திரும்பாமல் கிடக்கும். ஒன்றுமே இல்லாமல் மருமகளைக் குறை சொல்லவும் வருவார்கள். ஆசான் எழுந்து போய்விடுவார். திரும்பி வரும்போது கஞ்சியில் எறும்பு மிதக்கும். எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்.

தாணுவால் தாங்க முடியவில்லை.

"இதென்ன ஆசானே பழக்கம்? நேரத்துக்குத் தின்னணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுதீங்க. இப்படி இருந்தா அம்பதைத் தாண்ட மாட்டீங்க."

"அப்படித்தான் தோணுது."

"சாப்பிட்டுட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"கூப்பிடுறவனுக்குத் தெரியுமா அண்ணாச்சி, நான் சாப்பிடுதேன்னு?"

"உங்களுக்கு ஆயுசைக் கூட்டுற கல்பம் தெரியும்லா. நீங்களே அதைச் சாப்பிடலாமே. நூறு வயசு இருக்கலாமே."

"கல்பத்துக்குன்னு மாசக்கணக்கா உள்ள போய்ப் படுத்துக்கிட்டா வெளிய யாரு?"

அந்தப் பேச்சில் தாணு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். கல்பம் ஆசானுக்குத் தெரியும். அன்றிலிருந்து விடவில்லை. காலையில் கேட்பார், விறகு பிளக்கும்போது கேட்பார், ஆசான் மருந்து இடிக்கும்போது உலக்கைக்கு எதிரே உட்கார்ந்து கேட்பார். கடைசியில் ஆசான் சரி என்றார்.

கல்பம் என்றால் சாதாரண மருந்து இல்லை. அதற்கென்று ஒரு குடில் உண்டு. சுவருக்குள் சுவர், அதற்குள் இன்னொரு சுவர். வெயில் போகாது, காற்றும் நேராகப் போகாது. அதற்குள் இருக்க வேண்டும். காலையில் லேகியம், நேரம் தவறாமல் பால்சோறு, இருட்டிலேயே மூச்சுப் பயிற்சி, உடம்பை வளைத்து நிமிர்த்துகிற பயிற்சி. வேறொன்றும் கிடையாது. சாப்பாடு போக சுவரில் ஒரு பொந்து இருக்கும்.

"புரட்டாசியில உள்ள போனா கார்த்திகை பிறந்துதான் வெளிய வரணும்" என்றார் ஆசான். "நடுவுல தலை முழுகக் கூடாது. வெளிய வரக் கூடாது. வந்தா அதுவரைக்கும் செஞ்சது பூரா போச்சு. உங்க வயசுக்கு மறுபடி ஆரம்பிக்க உடம்பு தாங்காது."

"நான் வர மாட்டேன்."

"சாவுச் செய்தி காதுல விழுந்தாலும் கல்பம் போச்சு அண்ணாச்சி. கேட்டா தலை முழுகித்தானே ஆகணும்?"

"என் காதுல யாரு வந்து சொல்லப் போறா?"

உள்ளே போகிற அன்றைக்குத் தங்கச்சி வடிவு வந்திருந்தாள். ஒல்லியான பொம்பளை. அண்ணனுக்குத் துவைத்த வேட்டியெல்லாம் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"போயிட்டு வாங்கண்ணே. நான் இருக்கேன்லா."

"நெல்லிக்காய் காயப்போட்டிருக்கு. மழையில நனைய விட்டுராத. வெளிய வந்ததும் எனக்கு வேணும்."

"சரிண்ணே."

அண்ணன் இன்னும் ஏதாவது கேட்பார் என்று அவள் நின்றாள். அவர் குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாணு குனிந்து உள்ளே போகும்போது ஆசான் கதவைத் தொட்டுக் காட்டினார்.

"தாழ்ப்பாள் உங்க பக்கம்தான் இருக்கு அண்ணாச்சி. வெளிய எனக்கு ஒண்ணும் இல்ல."

"தெரியும் ஆசானே." உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். அது நன்றாக விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கிற சத்தமும் கேட்டது.

புரட்டாசி போயிற்று. தாணு ஒரு நாள் கூட ஒன்றையும் மீறவில்லை. ஆசான் பொந்து வழியாக லேகியம் கொடுத்தால், நேற்றைக்கும் இவ்வளவுதானா, குறைந்தது போல இருக்கிறதே என்று கேட்பார். பயிற்சி செய்யும்போது உள்ளே தரை திம் திம் என்று அதிரும். கோழிகள் பயந்து ஓடும்.

"நெஞ்சு இப்ப அடிக்கிறதே தெரியல ஆசானே" என்று ஒரு நாள் பொந்து வழியாகச் சொன்னார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஐப்பசி அடைமழையில் பாக்கியத்தாய் மலை ஏறி வந்தாள். தாணு வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவரைவிட மூத்தவள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. ஆசான் அப்போதுதான் கஞ்சியில் கை வைக்கப் போனார்.

"வடிவு விழுந்துட்டா ஆசானே. நெல்லிக்காய் நனையுதேன்னு மழையில ஓடினா. முத்தத்துல வழுக்கி விழுந்தவதான், ஒரு பக்கம் கை கால் விளங்கல. அண்ணனைக் கூப்பிடுன்னா."

ஆசான் பொந்தைக் காட்டினார். அவள் குனிந்து கத்தினாள்.

"ஏ தாணு, கேக்குதா? வடிவு ஒரு பக்கம் விழுந்து கெடக்கா. வா."

உள்ளே பயிற்சி நின்றது.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க மயினி. அங்க நல்லா பாப்பாங்க."

"உன்னைத்தான் கேக்கா."

"நான் வந்து என்ன செய்யப் போறேன்? நான் டாக்டரா?"

அவள் ஆசானைத் திரும்பிப் பார்த்தாள். ஆசான் கஞ்சியை விட்டுவிட்டு எழுந்து மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு இறங்கினார்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டு போங்க என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாக்கியத்தாய் மறுபடி ஏறி வந்தாள். இந்தத் தடவை அவள் உட்காரவே இல்லை.

"தாணு, வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம். பேச்சு குழறுது. அண்ணேங்கிறது மட்டும் தெளிவா வருது. பச்சைத் தண்ணி இறங்கல. நீ வந்து வாயில ஊத்தினா இறங்கும்னு எனக்குத் தோணுது."

"கார்த்திகைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் மயினி."

"அதுக்கு?"

"இப்ப வந்தா எல்லாம் போச்சு. இனி ஒரு தடவை என்னால முடியாது. அவகிட்டச் சொல்லுங்க, அவளுக்குத் தெரியும். கொஞ்சம் தாங்கிக்கிடச் சொல்லுங்க."

பாக்கியத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா சொன்னப்பா. அவகிட்ட எதுக்கு, எமன்கிட்டயே போய்ச் சொல்லுதேன். எங்க தாணு பத்தியத்துல இருக்கான், கார்த்திகை பிறந்ததும் வாரும், நாங்க காப்பி போட்டு வைக்கோம்னு."

பொந்துக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

"அந்தப் பிள்ளை உனக்கு வடிச்ச சோறு எத்தனை பானை இருக்கும்? ஒரு வாய்த் தண்ணிக்கு வர மாட்டியா?"

கொஞ்சம் கழித்துத் தரை திம் திம் என்று அதிர்ந்தது. பயிற்சி நேரம் அது.

பாக்கியத்தாய் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். ஆசான் அன்றைக்கும் அவள் பின்னால் போனார். போகும் முன் குடில் கதவருகே கொஞ்ச நேரம் நின்றாராம். தாழ்ப்பாள் அசையுமா என்று பார்த்திருப்பார்.

மறுநாள் காலையில் ஆசான் வரவில்லை. பொந்தில் யாரும் லேகியம் வைக்கவில்லை. மதியம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது, கீழே ஊரிலிருந்து சங்குச் சத்தம் மலையில் முட்டி வந்தது. மூன்று சுவரையும் தாண்டி அது உள்ளே போயிருக்கும்.

தாணு தன் துணியைச் சுருட்டிப் பொந்தை அடைத்தார். ஊரில் வேறு கிழடுகளும் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். தலையணைப் பஞ்சை எடுத்துக் காதிலும் வைத்துக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் ஆசான் வந்தார். ஈரத் தலையோடு அடுப்பை மூட்டிப் பால்சோறு வைத்தார். பொந்தில் துணி அடைத்திருந்தது. தட்டினார். துணி நகர்ந்தது.

"இன்னைக்கு நேரம் தவறிட்டே ஆசானே."

"தவறிட்டு."

கிண்ணம் உள்ளே போயிற்று. கை மட்டும் பொந்திலேயே நின்றது.

"ஆசானே."

"சொல்லுங்க."

"வடிவு எப்படி இருக்கா?"

ஆசான் பொந்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வெளிய வந்து கேக்கீங்களா, உள்ள இருந்து கேக்கீங்களா அண்ணாச்சி?"

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பால்சோறு ஆறியிருக்கும்.

"முடிஞ்சதும் வந்து கேக்கேன்" என்றார் தாணு. கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கார்த்திகை வரைக்கும் அவரும் கேட்கவில்லை, ஆசானும் சொல்லவில்லை. லேகியம் உள்ளே போனது. கிண்ணம் காலியாக வெளியே வந்தது. தரை அதிர்ந்தது.

கார்த்திகை பிறந்த காலையில் தாழ்ப்பாள் திறந்தது. தாணு வெளியே வந்தார். கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டு நின்றார். ஆளே மாறிப்போயிருந்தார். தோல் புளி போட்டு விளக்கிய செம்பு மாதிரி இருந்தது. காதோரம் நரைக்கு அடியில் கறுப்பு மயிர் முளைத்திருந்தது. எதிரே இருந்த பாறையில் விறுவிறுவென்று ஏறினார், இறங்கினார். மூச்சு வாங்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஆசான் இருந்த இடத்துக்கு வந்தார். ஆசான் முன்னால் கஞ்சிச் சட்டி இருந்தது. உப்பு இன்னும் கரையவில்லை.

"இப்ப கேக்கேன் ஆசானே."

"கேளுங்க அண்ணாச்சி."

தாணு வாயைத் திறந்தார். எப்போதும் துண்டு கிடக்கும் ஆசானுடைய தோள் வெறுமையாக இருந்ததைப் பார்த்தார்.

"உங்க துண்டு எங்க?"

"கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"வடிவுக்கு. பிறந்த வீட்டுக் கோடித் துணி போடாம எடுக்கக் கூடாதுன்னு பொம்பளைங்க அழுதாங்க. வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மழை வேற வரப் பார்த்துச்சு. நான்தான் போட்டேன். துவைச்ச துண்டுதான், புதுசு இல்ல."

தாணு தரையில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவார். இப்போது சுலபமாக உட்கார முடிந்தது.

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வருவாருன்னு சொன்னேன். மறுபடி கேட்டா, மறுபடி சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கல."

"வேற ஒண்ணுமே கேக்கலியா?"

"உப்பு கேட்டா."

தாணு நிமிர்ந்து பார்த்தார்.

"கஞ்சித் தெளிவை வாயில வச்சேன். துப்பிட்டா. உப்புப் போட்டுத் தாங்கன்னா. பேச்சு குழறினாலும் அது விளங்குச்சு. ஒரு கல்லு போட்டுக் கொடுத்தேன். விழுங்கினா. நாக்கை நீட்டி இன்னொரு தடவை வாங்கிக்கிட்டா. நல்லாருக்குன்னா."

அவ்வளவுதான். தாணு அழுவார் என்று ஆசான் காத்திருந்தார் போல. தாணு அழவும் இல்லை. பாறை மாதிரி இருந்தார். வெயில் அவர் புதுத்தோலில் பட்டு மினுங்கியது.

கடைசியில் கையை நீட்டினார், முன்பெல்லாம் காலையில் நீட்டுவது போல.

"நாடி பாருங்க ஆசானே."

ஆசான் அந்தக் கையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். விரலை மாற்றி வைத்துப் பார்த்தார்.

"நான் இன்னும் எவ்வளவு காலம் இருக்கணும்?"

ஆசான் கையை மெதுவாக விட்டார்.

"ரொம்பக் காலம் அண்ணாச்சி. கல்பம் நல்லா பிடிச்சிருக்கு."

அப்போது வேலிக்கு வெளியே யாரோ ஓடி வருகிற சத்தம். "ஆசானே, புள்ளைக்கு இழுக்குது, கொஞ்சம் வாங்க" என்று ஒரு பொம்பளைக் குரல். ஆசான் கஞ்சியைத் தொடவில்லை. எழுந்து போய்விட்டார்.

தாணு அந்தச் சட்டிக்கு எதிரே தனியாக இருந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. முதல் எறும்பு சட்டி விளிம்பில் ஏறியது. அவர் கையை நீட்டி, அடியில் கிடந்த அந்த ஒரு கல் உப்பை எடுத்து, அதை வாய்க்குக் கிட்டே கொண்டு போய், அப்படியே

உள்ளே என் சின்ன மகள் முழித்துக்கொண்டு கூப்பிடுகிறாள், எழுதினது அப்படியே கிடக்கட்டும், நான் போய் அவளை